சுற்றிலே பிறக்கும் நாதம்

இந்திய மின்னணு இசையின் வரலாறு – பகுதி 6

ஒலிநாடாப் பதிவுக் கருவி இசைக்கூடங்களுக்குள் நுழைந்ததும், பதிவு செய்யப்பட்ட ஒலியே இசையமைப்புக்கு மூலப்பொருளாக மாறியதும் சென்ற பகுதியில் விரிவாகச் சொல்லப்பட்டன. அதே காலகட்டத்தில் மற்றொரு வழியும் உருவாகி வந்தது. ஓர் அமைப்பிலிருந்து வெளியேறும் ஒலியையோ மின்குறியையோ அதே அமைப்பின் நுழைவாயிலுக்குத் திருப்பி அனுப்பி, அது சுற்றிச் சுற்றி வருவதிலிருந்தே இசையைப் பெறுவது அந்த வழி. பொறியியலார் இதைப் பின்னூட்டம் என்பர். திரும்பி வரும் குறி முன்னதை வலுப்படுத்தினால் அது நேர்ப் பின்னூட்டம். முன்னதைத் தணித்தால் எதிர்ப் பின்னூட்டம். இவ்விரண்டையும் இசையமைப்பின் அடிப்படையாக்கிய கலைஞர்களுள் முதன்மையானவரான டேவிட் டியூடர் 1969இல் அகமதாபாத்தில் தங்கி ஒரு மின்னணு இசைக்கூடத்தை நிறுவியதால், இந்த வரலாற்றின் ஒரு முக்கியமான அத்தியாயம் இந்தியாவிலேயே எழுதப்பட்டது.

மைக் கூவுவது ஏன்?

பின்னூட்டத்தைத் தமிழ்நாட்டில் அறியாத காது இல்லை. கல்யாண மண்டபத்திலோ கோயில் விழா மேடையிலோ பேச்சாளர் மைக்கைக் கையில் எடுத்ததும் எழும் கூச்சல் அதுவே. மைக் வாங்கிய ஒலியைப் பெருக்கி பெரிதாக்குகிறது; பெட்டி அதை வெளியிடுகிறது; வெளியான ஒலியில் ஒரு பகுதி மீண்டும் மைக்கை அடைந்து மறுபடியும் பெருக்கப்படுகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும் ஒலி, புறப்பட்டபோது இருந்த அளவுக்குக் குறையாமலும், அலையின் ஏற்ற இறக்கம் முன்னதோடு ஒத்துப்போகும்படியும் வந்து சேர்ந்தால், அந்த ஒலி நிற்காமல் நீடிக்கும் என்பது ஜெர்மானிய அறிவியலாளர் ஹைன்ரிச் பார்க்ஹவுசனின் பெயரால் வழங்கும் விதி. இந்தக் கூச்சலுக்கு டென்மார்க்கின் இயற்பியலர் சோரன் லார்சனின் பெயரை ஐரோப்பியர் இட்டு வழங்குகின்றனர்.

கூச்சல் எந்தச் சுருதியில் எழும் என்பதைப் பேசுபவரோ மைக்செட்காரரோ முடிவு செய்வதில்லை. முப்பது டிகிரி வெப்பத்தில் ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். மைக்குக்கும் பெட்டிக்கும் இடையே மூன்றரை மீட்டர் இருந்தால், ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க நூறில் ஒரு வினாடி ஆகும். பெருக்கியும் பெட்டியும் தம் பங்குக்குத் தாமதம் எதையும் சேர்க்கவில்லை என்று கொண்டால், வினாடிக்கு 100, 200, 300 என நூறின் மடங்காக அதிரும் ஒலிகளுக்கு மட்டுமே நீடிக்கும் வாய்ப்பு உண்டு. தூரத்தைப் பாதியாக்கினால் அந்த இடைவெளி இருநூறாக விரியும். இவ்வாறு வாய்ப்புள்ள பல சுருதிகளில் எந்த ஒன்றை அந்த மைக்கும் அந்தப் பெட்டியும் அந்த மண்டபத்துச் சுவர்களும் சேர்ந்து மிகுதியாகத் தாங்குகின்றனவோ, அதுவே மற்றவற்றை அமுக்கிக்கொண்டு மேலெழும். சிதம்பரத்தில் 1981 முதல் மகா சிவராத்திரியை ஒட்டி நடந்துவரும் நாட்டியாஞ்சலி போன்ற மேடைகளில் ஒலியமைப்பைக் கவனிப்பவர்கள், பெட்டிகளை மைக்குக்கு முன்னால் நிறுத்துவதும், எழக்கூடிய சுருதியை ஈக்வலைசரில் இறக்கி வைப்பதும் இந்தச் சுற்று நிறைவடையாமல் தடுப்பதற்கே. பின்னூட்ட இசையமைப்பாளர் இதே அறிவைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறார். சுற்றைத் திட்டமிட்டு நிறைவுசெய்து, அதை எந்த எல்லையில் நிறுத்தி வைப்பது என்பதைத் தம் கலையாக்கிக்கொள்கிறார்.

வானொலித் துறை இதன் பயனை முன்பே கண்டிருந்தது. அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ராங் 1912இல், வால்வின் வெளியீட்டைத் திரும்பவும் அதன் உள்ளீட்டில் சேர்த்தால் மிக மெல்லிய வானொலிக் குறியும் பன்மடங்கு பெருகும் என்றும், சேர்க்கையை மேலும் கூட்டினால் வால்வு தானாகவே அதிரத் தொடங்கும் என்றும் கண்டார். 1927இல் ஹரோல்டு பிளாக், திரும்பி வரும் குறியை எதிர்த்திசையில் சேர்த்து, தொலைபேசிப் பெருக்கிகளின் பிசிறை அடக்கினார். இவ்விரு கண்டுபிடிப்புகளையும், விலங்குகளின் நரம்பு மண்டலத்தையும், பீரங்கியைக் குறிவைக்கும் இயந்திரத்தையும் ஒரே கோட்பாட்டில் அடக்கி நோர்பர்ட் வீனர் 1948இல் ‘சைபர்னெட்டிக்ஸ்’ நூலை வெளியிட்டார். பின்னர் 1955–56இல் அவர் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார். அந்த நூலைப் படித்துத் தம் மின்சுற்றுகளை அமைத்த லூயிஸ் பாரன், பீபி பாரன் தம்பதியர் இசையமைத்த ‘ஃபர்பிடன் பிளானட்’ திரைப்படம், முழுவதும் மின்னணு ஒலியாலான இசையோடு 1956இல் வெளிவந்தது.

சீவாளிக்குள் ஒரு சுற்று

மின்சாரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இசைக் கருவிகளுக்குள் பின்னூட்டம் இயங்கி வந்திருக்கிறது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் நடராசர் தேரேறி வீதிகளில் வரும்போது முன்னே ஒலிக்கும் நாகசுரம் இதற்கு நல்ல சான்று. கருவியின் தலையில் செருகப்படும் சீவாளி, நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்தி இரு இதழாக அமுக்கிச் செய்த சிறு வாய். வாசிப்பவர் ஊதும்போது காற்று இதழ்களுக்கிடையே பாய்ந்து உள்ளே ஓர் அழுத்த அலையை எழுப்புகிறது. அந்த அலை கூம்பு வடிவக் குழலினுள் ஓடி, விரல் திறந்துவிட்ட முதல் துளையையோ அடியிலுள்ள அணைசையோ எட்டியதும், அதன் பெரும்பகுதி உள்ளேயே திரும்பி சீவாளிக்கு வந்து, இதழ்கள் எப்போது விலக வேண்டும், எப்போது நெருங்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கிறது. இதழ்களின் அசைவு அடுத்த காற்றுத் துடிப்பை அளவிட்டு விடுகிறது. அது மீண்டும் ஓடித் திரும்புகிறது. வித்துவானின் மூச்சு இந்தச் சுற்றுக்கு ஆற்றல் தருகிறது. உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமும் பாதி மூடிய துளையும் சுற்றின் தன்மையை நொடிக்கு நொடி மாற்றுவதால் கமகம் பிறக்கிறது. பிடி தளர்ந்தால் சுருதி இறங்குவதும், மிகையாக இறுக்கினால் ஒலியே அடைபடுவதும் இந்தச் சுற்றின் இயல்புகள்.

தம்புராவை இதே வகையில் சேர்க்கும் வழக்கம் உண்டு. ஆனால் அதன் இயக்கம் வேறு. தந்தி ஒருமுறை மீட்டப்பட்டதும் அதற்குக் கிடைத்த ஆற்றல் படிப்படியாகக் கரைந்து போகிறது. கரைந்ததை ஈடுசெய்யும் சுற்று எதுவும் தம்புராவில் கிடையாது. தம்புராவின் நீண்ட ரீங்காரத்துக்குக் காரணம் வளைந்த குதிரையும் அதன்மேல் தந்திக்கு அடியில் செருகும் நூலும் ஆகும். எந்த இடத்தில் தந்தியை மீட்டினாலும் அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய மேல் ஒலிகள் எழக்கூடாது என்பது யங், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோரின் விதி. தம்புராவும் வீணையும் அந்த விதியை மீறி அவற்றையும் எழுப்புகின்றன என்று திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் 1921இல் வெளியிட்ட ஆய்வுக் குறிப்பில் காட்டினார். ஆகவே நாகசுரமும் அதற்குத் துணையாகச் சுருதி பிடிக்கும் ஒத்தும் பின்னூட்டத்தால் ஒலிப்பவை. தம்புரா மீட்டலால் ஒலிப்பது. இந்த வேறுபாடு பின்னர் அகமதாபாத் கூடத்தின் இசையைப் புரிந்துகொள்ளவும் உதவும்.

இசையை இவ்வாறு அளவாலும் விகிதத்தாலும் ஆராயும் போக்குக்குச் சிதம்பரத்தில் இடம் இருந்தது. 1929இல் பல்கலைக்கழகமான அண்ணாமலை நகர் கல்வி நிலையத்தில் இசைக் கல்லூரியும் அமைந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டதாரியான விபுலானந்த அடிகள் 1931 முதல் 1933 வரை அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். சிலப்பதிகாரம் சொல்லும் யாழ்களின் நரம்பு வைப்பைக் கணிதத்தின் துணையோடு மீட்டுக் காட்டிய அவருடைய ‘யாழ் நூல்’ 1947இல் வெளியாயிற்று. 1941இல் அதே வளாகத்தில் நடந்த தமிழிசை மாநாடு எழுப்பிய கேள்வி எந்த மொழியில் பாடுவது என்பதாக இருந்தது. எந்தக் கருவி எவ்வாறு ஒலியைத் தோற்றுவிக்கிறது, அந்தத் தோற்றத்தையே இசையமைப்பாகக் கொள்ள முடியுமா என்ற கேள்வி அடுத்த தலைமுறையில் வேறு நகரங்களில் எழுந்தது.

அறுபதுகளின் சோதனைகள்

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 1960களில் பலர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தனர். ராபர்ட் ஆஷ்லியின் ‘தி உல்ஃப்மேன்’ (1964) பாடகரின் வாயை மைக்குக்கு வெகு அருகில் வைத்து, பின்னூட்டக் கூச்சலைப் பாடகர் தம் வாயின் வடிவத்தால் திருத்தும்படி அமைந்தது. ஸ்டீவ் ரைக் 1968இல் இயற்றிய ‘பெண்டுலம் மியூசிக்’ படைப்பில் கயிற்றில் தொங்கும் மைக்குகள் பெட்டிகளின் மேலாக ஊசலாடுகின்றன. ஒவ்வொரு மைக்கும் பெட்டியைக் கடக்கும் கணத்தில் மட்டும் சுற்று நிறைவுற்று ஒரு கூவல் எழும். ஊசல் தளரத் தளர அந்தக் கூவல்கள் நீண்டு, இறுதியில் மைக்குகள் நிலைக்கும்போது தொடர் ஒலியாகும். ஆல்வின் லூசியர் 1969இல் இயற்றிய ‘ஐ அம் சிட்டிங் இன் எ ரூம்’ ஒரு பேச்சைப் பதிவு செய்து அறையில் ஒலிக்கவிட்டு மறுபடியும் பதிவு செய்வதைத் தொடர்ந்து செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த அறைக்கு இயல்பான சுருதிகள் வலுத்து, சொற்கள் கரைந்து, கடைசியில் அறையின் ஒலி மட்டுமே எஞ்சுகிறது.

இவர்களுள் டியூடர் தனித்து நிற்பவர். 1926இல் பிலடெல்பியாவில் பிறந்த அவர் முதலில் பியானோ கலைஞராகப் புகழ்பெற்றார். ஜான் கேஜின் ‘4′33″’ படைப்பை 1952 ஆகஸ்டில் முதன்முதலாக மேடையேற்றியவர் அவரே. 1966 அக்டோபரில் நியூயார்க்கில் கலைஞரும் பொறியாளரும் சேர்ந்து நடத்திய ‘நைன் ஈவினிங்ஸ்’ நிகழ்ச்சியில் பாண்டோனியன் என்னும் துருத்திக் கருவியைப் பின்னூட்டச் சுற்றுகளோடு இணைத்து வாசித்த பிறகு, பியானோவிலிருந்து படிப்படியாக விலகி மின்னணுச் சுற்றுகளைத் தாமே இணைத்து இசையமைப்பவரானார். அவருடைய படைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுரக்குறிப்பு இல்லை. எந்தப் பெட்டியின் வெளிவாயில் எந்தப் பெட்டியின் உள்வாயிலோடு இணைகிறது என்று காட்டும் வரைபடமே அங்கு இசைக்குறிப்பாக நின்றது.

அகமதாபாத், 1969

டியூடர் இந்தியாவுக்கு வந்த வழி சாராபாய் குடும்பத்தின் வழி. அம்பாலால் சாராபாயின் மகளும் பக்காவஜ் பயின்ற இசைக்கலைஞருமான கீதா சாராபாய் 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜைச் சந்தித்து, அவருக்கு இந்திய இசையைக் கற்பித்து, அவரிடமிருந்து மேற்கத்திய இசையின் எதிரிணைப்பு முறையைக் கற்றார். கேஜ் 1946 முதல் 1948 வரை எழுதிய ‘சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்’ பியானோப் படைப்பு இந்திய அழகியலின் ஒன்பது சுவைகளைப் பொருளாகக் கொண்டது. மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனக் குழு 1964இல் மேற்கொண்ட உலகப் பயணத்தின்போது, அதன் இசைக் கலைஞர்களான கேஜும் டியூடரும் அகமதாபாத்துக்கு வந்தனர். கீதாவின் உடன்பிறந்தோரான கௌதம் சாராபாயும் கீரா சாராபாயும், அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றவும் வளரவும் முன்னின்றவர்கள். நாற்காலியும் எழுத்துருவும் கண்காட்சி அரங்கும் வடிவமைக்கக் கற்பிக்கும் ஒரு நிறுவனத்தில், ஒலியும் வடிவமைக்கத் தக்க பொருளே என்ற எண்ணத்துக்கு இடம் கிடைத்தது.

1969இன் பிற்பகுதியில் டியூடர் அந்த நிறுவனத்தில் தங்கி, மூக் சிந்தசைசரையும் ஒலிநாடாக் கருவிகளையும் கொண்டு கூடத்தை அமைத்தார். ராபர்ட் மூக் 1964இல் உருவாக்கத் தொடங்கிய இந்தக் கருவி, தனித்தனிப் பெட்டிகளைச் சிறு கம்பிகளால் இணைத்துப் பயன்படுத்தும் தொகுப்பு. அலையெழுப்பி ஒலியைத் தோற்றுவிக்கும்; வடிகட்டி அதன் மேல் ஒலிகளைக் குறைக்கும்; பெருக்கி அதன் அளவைக் கூட்டும், குறைக்கும். இவை ஒவ்வொன்றையும் கையால் திருகுவதற்கு மாறாக மின்னழுத்தத்தால் இயக்கலாம் என்பதே மூக்கின் புதுமை. எனவே ஒரு பெட்டியிலிருந்து வெளிவரும் மின்குறியைக் காதுக்கு அனுப்புவது போலவே, மற்றொரு பெட்டியின் சுருதியையோ அளவையோ ஆட்டிவைக்கவும் அனுப்பலாம். அந்த மற்றொன்றின் வெளியீடு முதலாவதை வந்து பாதித்தால் பின்னூட்டச் சுற்று பிறந்துவிடுகிறது. மூக்கின் 904ஏ என்னும் வடிகட்டியில் இதற்கெனவே ஒரு திருகு உண்டு. வடிகட்டியின் வெளியீட்டை அதன் உள்ளேயே திருப்பிவிடும் அதைக் கூட்டிக்கொண்டே போனால், ஒலியை வடிகட்ட வேண்டிய பெட்டி தானே ஒரு சுரத்தைப் பாடத் தொடங்கும்.

நாடாவில் சுழலும் ஒலி

அகமதாபாத் கூடத்தின் ஒலிநாடாக்களில் டியூடருடையவை ‘டேப் ஃபீட்பேக் வித் மூக்’ என்ற தலைப்பைக் கொண்டவை. நாடாப் பின்னூட்டமும் மூக் கருவியும் இணைந்தவை என்பதைத் தலைப்பே அறிவிக்கிறது. நாடாப் பின்னூட்டம் இயங்கும் முறை எளியது. பதிவுக் கருவியில் நாடா முதலில் பதிவுத் தலையையும், சற்றுத் தள்ளி இசைப்புத் தலையையும் கடக்கிறது. இரண்டுக்கும் இடையே ஐந்து செ.மீ. தூரம் இருந்து, நாடா வினாடிக்கு 19 செ.மீ. வேகத்தில் ஓடினால், பதிவான ஒலி ஏறத்தாழ கால் வினாடி கழித்து வெளிவரும். அதைப் பதிவுத் தலைக்கே திருப்பி அனுப்பினால் எதிரொலியின் எதிரொலியாக அது தொடரும். ஒவ்வொரு சுற்றிலும் எண்பது விழுக்காடு மட்டும் திரும்பினால், பத்தாவது சுற்றில் ஒலியின் அளவு தொடக்கத்தில் இருந்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்து அடங்கிவிடும். முழு அளவும் திரும்பினால் ஒலி அடங்காது. அதற்கும் மேலே போனால் ஒலி பெருகிப் பெருகி, நாடாவின் காந்தப் பூச்சு தாங்கக்கூடிய எல்லையை எட்டி, அங்கே தன் வடிவம் சிதைந்து புதிய மேல் ஒலிகளைத் தோற்றுவிக்கும். ஒவ்வொரு முறை நாடாவைக் கடக்கும்போதும் ஒலியின் கூர்மை சற்று மழுங்குவதால், தொடக்கத்தில் தட்டியதுபோல் இருந்த ஒலி பல சுற்றுகளுக்குப் பின் கரைந்த முழக்கமாக மாறுவதும் உண்டு.

இந்தச் சுற்றின் நடுவே மூக்கின் வடிகட்டியை வைத்தால், எந்தச் சுருதிகள் சுற்றில் தங்கலாம், எவை வெளியேற வேண்டும் என்பதை அது ஆளுகிறது. வடிகட்டியின் எல்லையை மின்னழுத்தத்தால் மெல்ல நகர்த்தினால், ஒரு சுருதி அடங்கி வேறொன்று தலைதூக்கும். எதையும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழுந்ததைக் கேட்டு, அடுத்த கணத்துக்கான திருகலைச் செய்யத்தான் முடியும். திருகில் மிகச் சிறிய மாற்றம் ஒலியைத் திடீரென வேறொரு நிலைக்குத் தூக்கி எறிவதும், அதே திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தாலும் பழைய ஒலி திரும்பாதிருப்பதும் உண்டு. ஏனெனில் சுற்றுக்குள் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் ஒலியும் அமைப்பின் நிலையில் ஒரு பகுதி. சீவாளியைக் கவ்விய வித்துவானின் உதடு செய்வதை இங்கே விரல் செய்கிறது. நாகசுரத்தில் துளைகளின் இடம் முன்பே வகுக்கப்பட்டிருப்பதால் சுற்று எந்தச் சுரத்தில் நிலைக்கும் என்பது கலைஞருக்குத் தெரியும். டியூடரின் அமைப்பில் அந்த வரையறை நீக்கப்பட்டிருக்கிறது.

அதே கூடத்தில் 1972 வரை பணியாற்றிய இந்தியக் கலைஞர்களான கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அந்தக் கருவியைத் தத்தம் போக்கில் அணுகினர். தம்புரா வாசித்த நினைவைத் தலைப்பிலேயே சுமக்கும் மாத்தூரின் படைப்பும், விண்வெளிப் பயணத்தைப் பெயரில் ஏந்திய ஜோஷிபுராவின் ‘ஸ்பேஸ் லைனர் 2001’ படைப்பும் அந்தப் பன்மைக்குச் சான்றுகள். ஆதார சுருதியை முதலில் நிறுத்திவிட்டு அதன்மேல் இசையை எழுப்பும் மரபில் வளர்ந்தவர்களுக்குச் சுருதி என்பது தொடக்கம். பின்னூட்ட இசையிலோ சுருதி என்பது விளைவு. இந்த இரண்டு எண்ணங்களும் ஒரே அறையில், ஒரே கருவியின் முன் சந்தித்தன என்பதே அகமதாபாத் கூடத்துக்கு உலக மின்னணு இசை வரலாற்றில் உள்ள தனிச்சிறப்பு.

ஒசாகாவும் அதன் பிறகும்

1970இல் ஜப்பானின் ஒசாகாவில் நடந்த உலகக் கண்காட்சியில் டியூடர் இதே சிந்தனையை ஒரு கட்டடத்தின் அளவுக்கு விரித்தார். பொறியாளர் பில்லி குளூவர் முதலானோர் 1966இல் தொடங்கிய ‘எக்ஸ்பெரிமென்ட்ஸ் இன் ஆர்ட் அண்ட் டெக்னாலஜி’ அமைப்பு பெப்சி நிறுவனத்துக்காக எழுப்பிய அரங்கின் உட்புறம், அரைக்கோளக் கண்ணாடியாக அமைந்து 37 ஒலிபெருக்கிகளைக் கொண்டிருந்தது. அதற்கென டியூடர் இயற்றிய ‘மைக்ரோஃபோன்’ படைப்பில் வெளியிலிருந்து எந்த ஒலியும் வரவில்லை. அரங்கை நோக்கிய மைக்குகளும் அரங்கின் பெட்டிகளும் தமக்குள் எழுப்பிக்கொண்ட பின்னூட்டத்தை வடிகட்டிகளும் பண்பேற்றிகளும் உருமாற்றியதே முழு இசை. 1972இல் வந்த ‘அன்டைட்டில்டு’ படைப்பில் மைக்கும் நீக்கப்பட்டது. கருவிகளின் உள்ளிரைச்சலே சுற்றி வந்து இசையாயிற்று. கன்னிங்ஹாமின் ‘சவுண்ட்டான்ஸ்’ நடனத்துக்காக 1975இல் இயற்றிய ‘டோன்பர்ஸ்ட்’ இந்த வழியின் முதிர்ந்த வடிவம். 1990களில் நரம்பணுக்களைப் பின்பற்றி வடிவமைக்கப்பட்ட இன்டெல் சில்லு ஒன்றைச் சுற்றுகளின் இணைப்பு மையமாக வைத்து ‘நியூரல் சிந்தசிஸ்’ வரிசையை இயற்றிய டியூடர் 1996இல் மறைந்தார். மிக்சரின் வெளிவாயிலை அதன் உள்வாயிலிலேயே செருகி வாசிக்கும் இன்றைய கலைஞர்கள் பலர் அவருடைய வழியினர்.

அகமதாபாத்தில் அந்த வழி தொடரவில்லை. 1970களின் தொடக்கத்திலேயே கூடத்தின் பணி நின்றுபோனது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தங்கின. பிரிட்டனின் இசைக்கலைஞர் பால் பர்காஸ் அவற்றைக் கண்டறிந்து, 2020இல் பிபிசி வானொலியில் அறிமுகப்படுத்தி, 2023இல் ‘தி என்ஐடி டேப்ஸ்’ என்ற தொகுப்பாக வெளியிட்ட பிறகே இந்திய வாசகர்களில் பலருக்கு இப்படி ஒரு கூடம் இருந்ததே தெரியவந்தது.

இந்த இடைவெளிக்கான காரணத்தில் பின்னூட்ட இசையின் இயல்புக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கீர்த்தனை சாகித்தியமாகவும் சுரக்குறிப்பாகவும் ஏட்டில் நிற்கும்; ஏடு இல்லாவிட்டாலும் மாணவர் தொண்டையில் நிற்கும். பின்னூட்டப் படைப்பு அந்தக் கம்பி இணைப்பிலும், அதைக் கையாண்டவரின் செவியிலும் மட்டுமே வாழ்கிறது. இணைப்பைக் கழற்றினால் படைப்பு இல்லை. நாடாவில் எஞ்சுவது ஒரு மாலையின் சுவடு. நாகசுரக்காரரின் உதட்டுப் பிடியும் அப்படி எழுத்தில் அடங்காத அறிவுதான். ஆனால் அதைக் குருவின் அருகில் பல ஆண்டுகள் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள ஒரு பரம்பரை இருந்தது. டியூடரின் வரைபடங்கள் லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி ஆய்வு நிறுவனத்திலும் கருவிகள் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலும் பாதுகாக்கப்படுவதால், இளைய கலைஞர்கள் அவற்றை மீண்டும் இணைத்துப் பார்த்துக் கற்கின்றனர். அகமதாபாத் கூடத்துக்குக் கருவி கிடைத்தது, கலைஞர்கள் கிடைத்தனர், நாடாக்களும் பிழைத்தன. கற்றுக்கொடுக்கும் தொடர்ச்சி மட்டும் அமையவில்லை. நம் இசைக் கல்லூரிகளின் பாடத்திட்டங்கள் மின்னணு ஒலியைப் பாடமாகக் கொள்ளாத காலத்தில், அந்தத் தொடர்ச்சி வேறெங்கும் அமைந்திருக்கவும் வழியில்லை.

மின்னணு ஒலி இந்திய இசைக்குள் நிலையாக நுழைந்தபோது அது இரண்டு வேறு வாயில்களின் வழியே வந்தது. ஒன்று, பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் 1979இல் உருவாக்கிய மின்னணுச் சுருதிப் பெட்டி. அதனுள் இருக்கும் அலையெழுப்பியும் பின்னூட்டத்தால் இயங்குவதே என்றாலும், சுருதி இம்மியும் பிசகாதபடி கட்டிவைக்கப்பட்ட பின்னூட்டம் அது. மற்றொன்று, சென்னைத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்கள். கட்டைகளை அழுத்தி வாசிக்கும் சிந்தசைசராக அங்கே வந்து சேர்ந்த கருவி, 1986இல் இளையராஜா இசையமைத்த ‘விக்ரம்’ படத்தின் காலத்தில் கம்ப்யூட்டர் இசை என்ற பெயரோடு தமிழ்நாட்டின் டீக்கடைகள் வரை சென்றது. அந்த இரண்டு வாயில்களின் கதை அடுத்த பகுதியில் தொடரும்.